தர்மனுக்கு ஏன் 70 விழுக்காடு? இரண்டாவது சாவியும் ஆச்சி வீட்டு வாக்குகளும்

கேள்வி: காரைக்குடி வாசகர் ஒருவர், 2 செப்டம்பர் 2023, காலை

சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாங்கி வென்றிருக்கிறார். தமிழர் என்பதால்தானே மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள்? நம் ரத்தம், நம் பெருமை. இதற்கு வேறு காரணம் எதற்கு?

2 செப்டம்பர் 2023, பகல்

அது காரணம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் நிரந்தரமாகக் குடியிருப்போரில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும் மலையாளி, பஞ்சாபி, தெலுங்கர் எல்லாரும் உண்டு. ஒருவர் விடாமல் அத்தனை பேரும் தர்மனுக்கே போட்டிருந்தாலும் பத்தைத் தொடாது. மீதி அறுபது எங்கிருந்து வந்தது? எதிரே நின்ற இங் கொக் சோங், டான் கின் லியான் இருவரும் சீனர். முக்கால்வாசி சீனர் வாழும் ஊரில் அவர்கள் வாங்கியது 15.7, 13.9. இது பெரும்பாலும் சீனர்களும் மலாய்க்காரர்களும் கொடுத்த வெற்றி. அதை 'நம் ரத்தம்' என்று நாம் மடியில் கட்டிக்கொண்டால், கொடுத்தவர்களுக்கு என்ன மரியாதை?

அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டையில் நேற்றிலிருந்து சிலர் அவருக்கு நம் பக்கம் ஊர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

2 செப்டம்பர் 2023, மாலை

மேலே எழுதியதில் கடுமை கூடிவிட்டது. கேட்டவர் வருந்தக் கூடாது. நேற்று இரவு, ஒரு பகுதி வாக்குகளை மட்டும் எண்ணிச் சொல்லும் மாதிரி எண்ணிக்கையில் எழுபது என்று வந்தபோது எனக்கும் கண் கலங்கியது. பெருமைப்படுவது ஒன்று, காரணம் சொல்வது இன்னொன்று. நான் பிரித்துப் பார்க்கச் சொல்வது அவ்வளவுதான்.

என் கணிப்பு இது: திறமை பார்த்துப் போட்டார்கள். 2001ல் ஜூரோங் குழுத்தொகுதியில் (பல உறுப்பினர்கள் ஓரணியாக நிற்கும் தொகுதி) நுழைந்தவர். கல்வி அமைச்சர், நிதி அமைச்சர், துணைப் பிரதமர், மூத்த அமைச்சர் என்று படிப்படியாக ஏறியவர். பன்னாட்டுப் பண நிதியத்தின் கொள்கைக் குழுவுக்கு 2011ல் தலைமை ஏற்ற முதல் ஆசியர். 2020 பொதுத் தேர்தலில் அவர் இருந்த ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்தது 61 விழுக்காடு. அவர் நின்ற ஜூரோங்கில் 74.6. கட்சிக்கு மேல் அவருக்கென்று ஒரு பதின்மூன்று விழுக்காடு அந்தத் தேர்தலில் இருந்திருக்கிறது.

கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் நம் நகரத்தார் பெரியவர்கள் கடைக்கு ஆள் எடுத்த முறையை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகி, பிறகுதான் மேலாள். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போது பேரேடு, அதாவது கணக்குப் புத்தகம், பேசும். சாதி சனம் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் மேலாள் ஆக்கியது பேரேடு. சிங்கப்பூர்க்காரர்கள் இருபத்திரண்டு வருஷப் பேரேட்டைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

3 செப்டம்பர் 2023

ஆச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன். என் உடன்பிறந்த ஆச்சி (எங்கள் பக்கம் அக்காளை அப்படித்தான் அழைப்போம்) சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டு நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது, அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவள். அதில் பெரும்பகுதி தாமான் ஜூரோங்கில் குடியிருந்தவள், அதாவது தர்மனின் சொந்த வட்டாரம்.

அவள் முதலில் சொன்னது வாக்குச்சீட்டைப் பற்றி. மூன்று பேர் படம், பெயர், சின்னம். வேண்டியவருக்கு நேரே பெருக்கல் குறி போட வேண்டும். மை ஊறிய ஒரு பேனா கொடுத்தார்களாம். அழுத்தினால் குறி தானாக விழும். "தம்பி, இத்தனை தேர்தலில் போட்டிருக்கிறேன், இன்னும் அந்தக் குறியைப் போடும்போது கை நிற்கிறது. நம் பள்ளிக்கூடத்தில் தப்பு என்றால்தானே அந்தக் குறி? நல்ல மனிதர் முகத்துக்கு நேரே போடுகிறோமே என்று இருக்கிறது" என்றாள். அழுத்திவிட்டு, குறி கட்டத்துக்குள் முழுதாக விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாளாம்.

ஏன் அவருக்குப் போட்டாய் என்றேன். பண நிதியம், துணைப் பிரதமர் எதுவும் வரவில்லை. 2009ல் அத்தானுக்கு வேலை போயிற்று. மின்சாரம், தண்ணீர்க் கட்டணம் மூன்று மாதப் பாக்கி. வாரத்தில் ஓர் இரவு தொகுதி உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆச்சி போய் வரிசை எண் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். எண் வந்ததும் ஒரு மேசைக்கு அனுப்பினார்கள். அங்கே தொண்டூழியர், ஒரு சீனப் பெண். விவரம் கேட்டு, தவணையில் கட்ட அனுமதி வேண்டி ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். இரண்டு வாரத்தில் அனுமதி வந்தது.

"தர்மனைப் பார்த்தாயா?" என்றேன்.

"இல்லை. உள் அறையில் இருந்தாரோ என்னவோ. நான் பார்த்தது அந்தப் பெண்ணைத்தான்."

அப்படியானால் அந்தப் பெண்ணுக்குப் போட வேண்டிய வாக்கு அது என்று சொன்னேன். "அவளை அங்கே உட்கார வைத்தது யார்?" என்று கேட்டாள்.

நேற்று மாலை நான் எழுதியதை இதோடு வைத்துப் பார்க்கிறேன். பேரேடு என்றேனே, சரிதான். ஆனால் ஆச்சி பார்த்த பேரேட்டில் ஒரே ஒரு வரி இருக்கிறது.

4 செப்டம்பர் 2023

அன்னாசிப்பழத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம், தர்மனின் சின்னம் மூக்குக்கண்ணாடி போட்ட அன்னாசிப்பழம். ஹொக்கியன் மொழியில் அதன் பெயர் 'ஓங் லாய்'. காதில் விழும்போது 'செல்வம் வருகிறது' என்று ஒலிக்கும். புதுமனை புகும்போது சீனர் அன்னாசிப்பழத்தை உருட்டிவிடுவது அதனால்தான். ஆச்சி வீட்டு எதிர்வாசல் சீனக் கிழவி வாக்களிக்கப் போகும் முன் வாசலில் ஒன்று வைத்திருந்தாளாம்.

சின்னத்தைப் பார்த்தா போடுவார்கள் என்று சிரிக்க வேண்டாம். தன் தெய்வத்தையும் தன் சொல்லையும் மதித்து வந்து நிற்கிறார் என்று அந்தக் கிழவிக்குத் தோன்றினால், அதுவும் ஒரு காரணம்தான். 'அனைவருக்கும் மரியாதை' என்பதுதான் அவருடைய முழக்கம். அதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னது அந்தப் பழம்.

6 செப்டம்பர் 2023

ஆச்சி மகன் என்னோடு ஒரு மணி நேரம் வாதாடினான். அவன் இங் கொக் சோங்குக்குப் போட்டிருக்கிறான். "அம்மான், திறமையை நான் மறுக்கவில்லை. அதிபரின் வேலை என்னவென்று முதலில் பாருங்கள்" என்றான்.

அவன் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் வைக்கிறேன். சிங்கப்பூரின் சேமநிதிப் பெட்டிக்கு, அதாவது நாட்டின் கையிருப்புக்கு, இரண்டு சாவி. முதல் சாவி அரசாங்கத்திடம், இரண்டாவது சாவி அதிபரிடம். முந்தைய அரசாங்கங்கள் சேர்த்து வைத்ததை இன்றைய அரசாங்கம் எடுக்க வேண்டும் என்றால் அதிபர் சம்மதிக்க வேண்டும். முக்கியமான நியமனங்களுக்கும் அப்படியே. மற்றபடி நாட்டை ஆள்பவர் பிரதமர்தான். இங் அரசாங்க முதலீட்டு நிறுவனத்தில் பல காலம் தலைமை முதலீட்டு அதிகாரியாக இருந்தவர், கட்சியில் சேராதவர். தர்மன் 2023 ஜூலையில்தான் கட்சியை விட்டு விலகினார். "முதல் சாவி வைத்திருக்கும் வீட்டிலிருந்து நேற்று வெளியே வந்தவரிடம் இரண்டாவது சாவியைக் கொடுப்பதா?" என்பது அவன் கேள்வி.

எனக்கு உடனே பதில் வரவில்லை. எங்கள் படைப்பு வீட்டில், அதாவது பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குப் படைக்கும் பொது வீட்டில், ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. முன்னோரின் சேலை, வேட்டி வைத்த பேழைகளுக்குப் பக்கத்தில், என் இடுப்பு உயரம். பித்தளைச் சாவித்துவாரம் இரண்டு. ஒன்றின் மூடி தேய்ந்து மொழுமொழு என்று இருக்கும், மற்றதில் பூ வேலை இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு சாவியும் இரண்டு வளவுக்காரரிடம், அதாவது வெவ்வேறு கிளைக் குடும்பத்தாரிடம், இருக்க வேண்டும் என்பது வழக்கம். தொண்ணூறுகளில் ஒரு காலத்தில் இரண்டும் அண்ணன் தம்பி இருவர் கைக்குப் போயின. இருவரும் நேர்மையானவர்கள். ஒரு வெள்ளிக் கிண்ணம்கூடக் குறையவில்லை. ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை, அவர்களும் காட்டவில்லை. பிறகு வேறொருவர் கைக்குச் சாவி மாறியபோது, புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் பங்கு) எந்த வருஷம் யார் கட்டினார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. அதைச் சரி செய்ய உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். பதினோரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

அவனிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பக்கம் தோற்றுவிடுமே என்ற எண்ணம் தடுத்துவிட்டது. இங்கே சொல்லிவிட்டேன், அவன் படிப்பான்.

7 செப்டம்பர் 2023

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு 'அப்படியானால் தர்மன் வேண்டாமா?' என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். பொறுங்கள், மறுபக்கம் இருக்கிறது.

2009ல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது சிங்கப்பூர் முதல்முறையாகச் சேமநிதிப் பெட்டியைத் திறந்தது. எடுக்க அனுமதி வாங்கியது 490 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வேலைகளைக் காப்பாற்றவும் கடன் தடைப்படாமல் இருக்கவும். அன்று நிதி அமைச்சர் தர்மன். இரண்டாவது சாவியைத் திருப்பியவர் அதிபர் எஸ். ஆர். நாதன். 2011ல் எடுத்த பணத்தை அரசாங்கம் பெட்டியில் திரும்ப வைத்தது. ஆகவே, சாவி கேட்டு வந்து நின்ற அனுபவம் உள்ளவர் இப்போது சாவி வைத்திருக்கிறார். எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? அத்தானுக்கு வேலை போன அதே 2009 என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

கட்சிக்காரர் என்றால் தலையாட்டுவார் என்பதற்கும் மறுப்பு உண்டு. 1993ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங். அதற்கு முன் துணைப் பிரதமர், அசல் கட்சிக்காரர். அதிபரானதும் சேமநிதியில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் கேட்டார். அரசாங்கத்தின் அசையாச் சொத்துகளை எல்லாம் மதிப்பிட ஒருவர் உழைத்தால் 56 வருஷம் ஆகும் என்று அவருக்குப் பதில் வந்தது. விடாமல் கேட்டார். கேட்டதற்காக மனத்தாங்கல் வந்தது, அதையும் ஏற்றுக்கொண்டார். உள்ளிருந்து வந்தவர்தான் அவர்.

8 செப்டம்பர் 2023

சிறு சேர்க்கை. யார் வேண்டுமானாலும் அங்கே நின்றுவிட முடியாது. தனியார் துறையிலிருந்து வருபவர் 50 கோடி வெள்ளி பங்குதாரர் மூலதனம் உள்ள நிறுவனத்தை நடத்தியிருக்க வேண்டும். 2017ல் மலாய் இனத்தவருக்கென ஒதுக்கப்பட்ட தேர்தலில் ஹலிமா யாக்கோப் போட்டியின்றி வந்தார். வாக்காளருக்கு வேலையே இல்லாமல் போயிற்று. மக்கள் ஏன் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கும்போது, அவர்கள் முன் எத்தனை பேரை வைத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

10 செப்டம்பர் 2023

'நம் நாட்டில் குடியரசுத் தலைவருக்கு நாம் ஏன் வாக்களிப்பதில்லை?' என்று ஒரு மாணவர். நாடாளுமன்ற உறுப்பினர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் போடுகிறார்கள். தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. நமக்கு நேரடி வாக்கு இல்லை. ஆனால் மனத்துக்குள் எல்லாரும் ஒருவருக்குப் போடுகிறோம். 2002ல் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்துல் கலாமும் கேப்டன் லட்சுமி சேகலும் நின்றார்கள். எனக்குக் கலாம்தான். இராமேசுவரத்துக்காரர், பழைய கணக்கில் நம் இராமநாதபுரம் ஜில்லா. 1985ல் மாவட்டத்தைப் பிரித்திராவிட்டால் இன்றும் ஒரே மாவட்டம். நான் இதை அப்பச்சியிடம் (என் அப்பாவிடம்) உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போது எண்பது வயது. முகப்பில் சாய்வு நாற்காலியில் இருந்தவர் வெற்றிலைச் செல்லத்தை மூடிவிட்டு, "எனக்கு வாக்கு இருந்தால் அந்த அம்மாளுக்குத்தான்" என்றார்.

அப்பச்சி 1943ல் சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில் (நம்மவர்களின் வட்டிக்கடைக் கூடம்) அடுத்தாள். ஜப்பானியர் காலம், வட்டித் தொழில் படுத்துவிட்டது, ஊருக்குக் கடிதம் கிடையாது. அந்த வருஷம்தான் நேதாஜி அங்கே ஜான்சி ராணிப் படையைத் தொடங்கி லட்சுமியிடம் ஒப்படைத்தார். தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்கள் காக்கி உடுப்பில், தோளில் துப்பாக்கியோடு தெருவில் நடந்து போனதை அப்பச்சி பார்த்திருக்கிறார். "நாங்கள் ஆண்பிள்ளைகள் கணக்குப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

கலாம் 9,22,884, லட்சுமி 1,07,366. தோற்பார் என்று தெரிந்தேதான் அப்பச்சி அவரைச் சொன்னார். நான் ஜில்லாவைப் பார்த்தேன். அவர் அறுபது வருஷத்துக்கு முன் பார்த்த ஒரு தெருவைப் பார்த்தார்.

முதல் நாள் கேள்வி கேட்டவரிடம் 'நம் ரத்தம் என்று சொல்லாதீர்கள்' என்றேனே, 2002ல் நானும் அதையேதான் செய்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

17 செப்டம்பர் 2023

திருத்தம். ஆச்சி வீட்டில் ஆச்சியும் அத்தானும் தர்மனுக்கு, மகன் மட்டும் இங்குக்கு என்று நான் மனத்தில் வைத்திருந்தேன், வேறு இருவரிடம் சொல்லியும் விட்டேன். தவறு. அத்தான் நேற்று தாமே அழைத்துச் சொன்னார். அவர் போட்டது டான் கின் லியானுக்கு.

காரணமும் சொன்னார். 2008ல் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தபோது, அதோடு பிணைந்த முதலீட்டுப் பத்திரங்களில் ஆயுள் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் சிங்கப்பூரில் ஏராளம். அத்தானின் நண்பர் ஒருவரும் அதில் இருந்தார். அப்போது ஹொங் லிம் பூங்காவில் அவர்களைக் கூட்டி, முறையீடு எழுதுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவர் டான் கின் லியான். அத்தான் நண்பரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் நின்றிருக்கிறார். "நண்பர் இப்போது இல்லை. அவருடைய வாக்கையும் சேர்த்து நான் போட்டேன் என்று வைத்துக்கொள்" என்றார்.

டான் 2011லும் நின்றார், 4.9 விழுக்காடு, வைப்புத்தொகை போயிற்று. அப்போதும் அத்தான் அவருக்கே போட்டிருக்கிறார். ஆச்சிக்குப் பன்னிரண்டு வருஷமாக இது தெரியாது.

ஒரு வீடு, மூன்று வாக்கு, மூன்று பேருக்கு. எதையும் வாய்க்கு வந்தபடி போட்டதாக என்னால் சொல்ல முடியவில்லை.

19 செப்டம்பர் 2023

2011ஐச் சொன்னதால் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த முறை நான்கு பேர், நால்வரும் டான். டோனி டான் 35.2 விழுக்காடு, டான் செங் போக் 34.85. ஏழாயிரத்துச் சொச்சம் வாக்கில் முடிந்தது. டோனி டானும் முன்னாள் துணைப் பிரதமர், கட்சியில் பழுத்தவர். அப்படியிருக்க அவருக்கு 35, தர்மனுக்கு எப்படி 70?

நான்கு பேர் பிரித்துக்கொண்டார்கள் என்பது பாதி பதில். மீதிப் பாதிக்கு என் எண்ணம்: கட்சிமேல் கோபமாக இருந்தவர்களும் தர்மனைக் கட்சியோடு சேர்த்து எண்ணவில்லை. ஆச்சி மகன் சேர்த்து எண்ணினான், அவனைப் போல் ஆறில் ஒருவர் எண்ணினார்கள்.

24 செப்டம்பர் 2024

ஒரு வருஷம் கழித்து இந்த இழைக்குத் திரும்ப வந்திருக்கிறேன். இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க வென்று நேற்றுப் பதவியேற்றுவிட்டார். 2019ல் அவர் வாங்கியது 3 விழுக்காடு, இப்போது 42. யாருக்கும் பாதி கிடைக்காததால் முதல்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். 2022ல் பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் கொடுத்த தீர்ப்பு அது.

என்னை உறங்க விடாதது வடக்கின் கணக்கு. தமிழ்ப் பொது வேட்பாளராக பா. அரியநேத்திரன் நின்றார். நாடு முழுவதும் 2,26,343 வாக்குகள். யாழ்ப்பாண மாவட்டத்திலேயே சஜித் பிரேமதாசவுக்கு அடுத்த இடம்தான். 'நம்மவர்' என்பது மட்டும் போதும் என்றால் இப்படி வந்திருக்காது.

அந்த மக்கள் ஒவ்வொரு முறையும் எதைப் பார்த்துப் போட வேண்டியிருந்தது என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 2005ல் புறக்கணிப்பு, யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூட வாக்களிக்கவில்லை. மகிந்த ராஜபக்ச இரண்டு லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தார். 2010ல் யாழ்ப்பாணத்தில் முன்னால் வந்தவர் சரத் பொன்சேகா, போரை நடத்திய ராணுவத் தளபதி. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்தப் பெயருக்கு நேரே குறி போடும்போது அவள் மனத்தில் என்ன இருந்திருக்கும்? அவரை வேண்டும் என்று போட்டிருக்க மாட்டாள். எதிரே இருந்தவர் வேண்டாம் என்று போட்டாள். 'ஏன் ஆதரித்தார்கள்' என்று நாம் கேட்கும் கேள்வியே அங்கே பொருந்தவில்லை.

ஆச்சியின் ஒரு வரிப் பேரேடும் அத்தானின் நன்றியும், வாக்குப் போட்டுவிட்டு அச்சமில்லாமல் வீடு திரும்பும் ஊரில் கிடைப்பவை. போன வருஷம் நான் இதை யோசிக்கவே இல்லை.

27 செப்டம்பர் 2024

வரும் ஞாயிற்றுக்கிழமை படைப்பு வீட்டில் பங்காளிகள் கூட்டம். பெட்டியின் இரண்டாவது சாவி கை மாற வேண்டும். எல்லாரும் என் பெயரைச் சொல்கிறார்கள். வங்கியில் முப்பத்து நான்கு வருஷம் கணக்குப் பார்த்தவன் என்பது காரணம். முதல் சாவி இப்போது என் சித்தப்பா மகனிடம் இருக்கிறது.

கீழ்வளவுத் தம்பி ஒருவன் இருக்கிறான். கணக்குப் படிப்பு இல்லை, மளிகைக் கடை வைத்திருக்கிறான். போன படைப்பில் வாழை இலைக் கட்டுக்குக் கொடுத்த நாற்பது ரூபாய்க்குச் சீட்டு எங்கே என்று என் சித்தப்பா மகனைப் பந்தியில் வைத்துக் கேட்டான். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆச்சியிடம் நேற்றுச் சொன்னேன், அவன் பெயரை நான் முன்மொழியப் போகிறேன் என்று.

"சீட்டு இருந்ததா?" என்று கேட்டாள்.

இல்லை.